வரம்பும் வரம்பு மீறலும் – 17
ஆறு வாரம் எங்கே போனது?

தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கின் ஏப்ரல் தீர்ப்போடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஆளுநர் ஆர்.என்.ரவி நிறுத்திவைத்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு சொன்னது. ஆளுநரின் கையெழுத்தும் குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் இல்லாமல், தீர்ப்பின் பலத்திலேயே அவை அரசிதழில் ஏறின. ஆளுநர் முடிவெடுக்க ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் விதிக்கப்பட்டது.

மே மாதம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, பிரிவு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்திடம் 14 கேள்விகள் கேட்டார். தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு நவம்பர் 20 அன்று பதில் தந்தது. நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது; ‘கருதப்படும் ஒப்புதல்’ என்ற ஒன்று அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது; முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு 142-ஐக் கொண்டு ஆளுநரின் வேலையை நீதிமன்றமே செய்துவிட முடியாது. ஏப்ரலில் கட்டியதில் பெரும்பகுதி சரிந்தது.

பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. மசோதா தன் முன் வந்தால் ஆளுநருக்கு மூன்றே வழிகள்: ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், அல்லது ஒப்புதலை நிறுத்திவைத்துத் தன் கருத்துகளோடு பேரவைக்குத் திருப்பலாம். திருப்பாமல் அப்படியே புதைத்துவிடும் நான்காவது வழி இல்லை என்பதில் நவம்பர் அமர்வும் உறுதியாக நின்றது. பண மசோதாவைத் திருப்ப முடியாது என்பதால், திருப்பாமலே நிறுத்திவைக்கலாம் என்று படித்தால் மாநில பட்ஜெட்டைக்கூட ஆளுநர் முடக்கிவிடலாம்.

இந்த நான்காவது வழி கற்பனை அல்ல. 2023 நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான், பஞ்சாப் ஆளுநர் வழக்கில், நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டிப் பேரவை 10 மசோதாக்களையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவை டெல்லிக்குப் போயின. இரண்டே வாரத்தில் இத்தனையும் நடந்தன. மூன்றாண்டுக்கு மேல் அசையாமல் கிடந்த மசோதாவும் அவற்றில் உண்டு. வழக்கு வந்தால் ஆளுநர் மாளிகையிலும் வேகம் பிறக்கும் போலிருக்கிறது.

காலக்கெடு அரசமைப்புச் சட்டத்துக்கே அந்நியம் என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். வரைவைப் புரட்டினால் வேறு கதை தெரியும். மசோதாவைக் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்புவதானால் ஆறு வாரத்துக்குள் திருப்ப வேண்டும் என்றே அதில் இருந்தது. 1949-இல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது ‘இயன்ற அளவு விரைவில்’ என மாறியது. ஆளுநருக்கான பிரிவு 200-இலும் அதே சொற்கள். இரண்டு வகையாகவும் இதை வாதிடலாம்: கெடுவை வேண்டுமென்றே நீக்கியதை நீதிமன்றம் மறுபடி எழுதக் கூடாது, அல்லது, ஆறு வாரமே அதிகம் என்று எண்ணியவர்கள் ஆறு மாத மௌனத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் அதற்காக, கையெழுத்தில்லாத மசோதாவை நீதிமன்றமே சட்டமாக்குவதை ஏற்க எனக்கும் தயக்கம்தான்.

காரணமில்லாமல் நெடுங்காலம் இழுத்தடித்தால் நீதிமன்றத்தை நாடலாம், ‘முடிவெடுங்கள்’ என்று மட்டும் அது உத்தரவிடும் என்கிறது நவம்பர் கருத்துரை. எவ்வளவு காலம் நெடுங்காலம்? அளவுகோல் இல்லை. ஆகவே ஒவ்வொரு மசோதாவுக்கும் மாநில அரசு தனியே வழக்குப் போட வேண்டும். அந்த வழக்குக்கும் தேதி கிடைக்க வேண்டும்.

அந்தப் பத்து மசோதாக்களில் பலவும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. அரசிதழில் ஏறிய மறு மாதமே அந்த நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையின் பின்னணியை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)