ஓயாத சேவையகங்கள் ஓய்வது ஏன்?

கிரான் என்னும் ஊரில் ஒருவர் ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகும்போது அதற்கு விடையளிப்பது, வேறோர் ஊரில் இரவுபகலாக இயங்கும் சேவையகம், அதாவது பிற கணினிகளின் வேண்டுகோள்களை நிறைவேற்றித்தரும் கணினி ஆகும். அது தனித்து நின்றால் ஒரு பழுதே சேவையை முடக்கிவிடும் என்பதால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று பணியை ஏற்கும்படி பலவற்றை இணைத்து அமைப்பர். இது சேவையகக் கொத்தணி எனப்படும்.

கொத்தணியின் உறுப்புகள் ‘இதயத்துடிப்பு’ என்னும் சிறு செய்திகளை ஒன்றுக்கொன்று இடைவிடாது அனுப்புகின்றன. சில விநாடிகளுக்குள் துடிப்பு வராத உறுப்பு செயலிழந்ததாகக் கொள்ளப்படும். அது உண்மையிலேயே நின்றுபோயிற்றா, இடையிலுள்ள கேபிள்தான் அறுந்ததா என்பதை மற்றவற்றால் பிரித்தறிய முடிவதில்லை. பிரிந்த இரு பகுதிகளும் ஒரே தரவில் எழுதத் தொடங்கினால் கணக்குகள் சிதைந்துவிடும் என்பதால், மூன்றில் இரண்டு என்றவாறு பெரும்பான்மை பெற்ற பகுதியே தொடர்ந்து இயங்கலாம் என்ற விதியும், ஐயத்துக்குரிய உறுப்பின் மின்சாரத்தையே துண்டிக்கும் ‘வேலியிடல்’ முறையும் வகுக்கப்பட்டன.

காரணம் புலப்படாத முடக்கங்கள் பல இங்கேதான் பிறக்கின்றன. நள்ளிரவில் காப்புப் பிரதி எடுக்கையில் ஒரு சேவையகம் சில விநாடிகள் உறைந்தாலே மற்றவை அதன் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடும். வட்டில் எழுதப்படாத கடைசிப் பதிவுகளும் அத்துடன் அழியும். ஆகவே விழுந்த சேவையகத்தை மட்டும் துருவுபவருக்குத் தடயம் கிட்டாது. துண்டிக்க முடிவெடுத்த சேவையகம், சேமிப்பகம், வலையமைப்பு ஆகியவற்றின் பதிவுகளையும் ஒரே கால வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். அவற்றின் கடிகாரங்கள் ஒத்திராவிட்டால் விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தோன்றும்.

இரண்டாக அமைத்தவையும் ஒருசேர முடங்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இந்தியத் தேசியப் பங்குச் சந்தையில் 2021 பெப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. கணினி நிலையங்களுக்கிடையிலான இணைப்புகளை இரு நிறுவனங்கள் வழங்கியிருந்தும், வழியில் நடந்த தோண்டல், கட்டுமான வேலைகளால் இரண்டும் தடைப்பட்டன. இணைப்பு அறுந்தாலும் இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட சேமிப்பகம், எதிர்பாராத விதமாக, முதன்மைச் சேவையகங்களுக்கு எட்டாமற் போயிற்று. வர்த்தகக் கணினிகளில் பழுது இல்லாதபோதும், அச்சேமிப்பகத்தைச் சார்ந்திருந்த இடர் முகாமைக் கணினிகள் முடங்கியதால் சந்தையை நிறுத்த வேண்டியதாயிற்று; பிற்பகல் 3.45க்கே அது மீளத் திறந்தது.

இதனாலேயே தேர்ந்த பராமரிப்பாளர்கள் முன்னறிவித்த நேரத்தில் தாமே கேபிளைக் கழற்றியும் சேமிப்பகத்தை மறித்தும் சோதிக்கின்றனர். வரைபடத்தில் இரண்டாகத் தெரிபவை எவ்விடத்தில் ஒன்றையே நம்பியிருக்கின்றன என்பது அப்போதுதான் வெளிப்படும்.