பூச்சியியலறிஞரும் மேற்கோட் கணக்கும்

2008ஆம் ஆண்டிலே கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் பப்பாசி மரங்களை ஒரு புதிய மாவுப்பூச்சி பற்றிக்கொண்டது. இலையின் அடியிலும் காயின் மேலும் பஞ்சை அப்பினாற்போல வெண்மை படர்ந்தது, இலை சுருண்டது, காய் உதிர்ந்தது. வெள்ளவத்தையாயினும் கொட்டாஞ்சேனையாயினும், வீடுகள் நெருங்கிய இடத்திலுங்கூட மதிலோரமாக ஒரு பப்பாசி நிற்பதுண்டு. மரத்தை வைத்திருப்பவர் அறிய விரும்புவது ஒன்றே: இதனை ஒழிப்பது எங்ஙனம்? பூச்சியியலறிஞரோ முதலில் வேறொரு வினாவை எழுப்புவார்: இதன் பெயர் யாது?

அவ்வினா வீணானதன்று. மாவுப்பூச்சிகளை வெறுங்கண்ணால் வேறுபடுத்தி அறிதல் அரிது. பெண்பூச்சியைக் காரநீரிலிட்டு உட்பகுதிகளைக் கரைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டிற் பதித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அதன் மயிர்களையும் துளைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கொழும்புக்கு வந்த பூச்சியின் பெயர் 'பராகொக்கஸ் மாஜினாற்றஸ்'. லண்டனைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்பவரும், ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த கிரனாரா டி வில்லிங்க் அம்மையாரும் 1992இல் வெளியிட்ட நூலொன்றிலே அதனை விவரித்துப் பெயரிட்டிருந்தனர். பெயர் தெரியவே அதன் பகையும் தெரிந்தது. அம்மாவுப்பூச்சியின் உடலுள்ளே முட்டையிட்டு அதனைக் கொல்லும் சிறு குளவியொன்று 2009இல் புவேட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டது.

பெயரிடும் அறிஞரின் உழைப்பை இக்காலத்தில் எக்கோல் கொண்டு அளக்கின்றனர்? அமெரிக்கரான யூஜீன் கார்பீல்ட் 1964இல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டார். எந்தக் கட்டுரையைப் பின்வந்த எந்தக் கட்டுரைகள் எடுத்தாண்டன என்று காட்டும் பேரட்டவணை அது. தேடுவோர்க்கு உதவவே அது எழுந்தது. நாளடைவில் தேடுங் கருவி நிறுக்குந் தராசாயிற்று. 2005இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்த எண் ஒன்று உண்டு. ஒருவருடைய கட்டுரைகளிற் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. உத்தியோகமும் ஆராய்ச்சிப் பணமும் வழங்குமுன் இத்தகைய எண்களைக் கேட்போர் உலகெங்கும் உளர்.

இத்தராசில் எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிரீனை ஏற்றிப் பார்க்கலாம். 1861இற் கொழும்பிலே பிறந்த இவர், பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலறிஞராகப் பேராதனையிற் பணியாற்றினார். கோப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், எஞ்சிய செடிகளின் சாற்றை உறிஞ்சிய பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889இற் பெயரிட்டவர் இவரே. செதிற்பூச்சிகளைப் பற்றிய 'இலங்கையின் கொக்சிடே' என்னும் பெருநூலின் முதற்பாகம் 1896இலும் ஐந்தாம் பாகம் 1922இலும் வெளிவந்தன. இருபத்தாறு ஆண்டு உழைப்பு! எனினும் ஹேர்ஷின் கணக்கில் அந்நூல் ஒன்றாகவே எண்ணப்படும்; பாகங்களை வெவ்வேறாகக் கொண்டாலும் ஐந்திற்கு மேற்செல்லாது.

இன்னுமொரு குறை உண்டு. கிரீன் 1908இல் இந்தியாவின் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து எழுதுகையில், செவ்வரத்தையைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு 'பெனகொக்கஸ் ஹேர்சூற்றஸ்' என்று பெயரிட்டார். இன்று அதன் பெயர் 'மக்கொனெல்லிகொக்கஸ் ஹேர்சூற்றஸ்'. சாதிப் பெயர் மாறிவிட்டதால், முதலிற் பெயரிட்ட கிரீனின் பெயரை அடைப்புக்குறிக்குள் இடுவது விலங்கியல் மரபு. 1994இல் அப்பூச்சி மேற்கிந்தியத் தீவாகிய கிரெனடாவில் தோன்றி, அயல் தீவுகளுக்கும் பரவிப் பெருநட்டம் விளைத்தது. அதன்பின் எழுந்த கட்டுரைகளில் அடைப்புக்குறிக்குள் கிரீனின் பெயர் நின்றது. ஆயின் 1908ஆம் ஆண்டுக் கட்டுரையை நூற்பட்டியலிற் சேர்த்தவர் மிகச் சிலரே. சுட்டியோ பட்டியலைப் பார்க்குமேயன்றி அடைப்புக்குறியைப் பாராது. சஞ்சிகைகளின் தாக்கத்தை அளக்கும் எண்ணும் முந்திய இரண்டாண்டுக் கட்டுரைகளையே கருதும். கிரீனின் கட்டுரை கிரெனடாவுக்குத் தேவைப்பட்டதோ எண்பத்தாறு ஆண்டு கழித்து.

கிரீன் பதவிக்காக இவ்வெண்களைக் காட்டவேண்டியிருக்கவில்லை. 1949இல் அவர் மறைந்தபோது சுட்டியே பிறக்கவில்லை. இன்று இத்துறையிற் புகும் இளைஞர் நிலை வேறு. ஓராண்டு முழுதும் நுணுக்குக்காட்டியின் முன்னமர்ந்து ஓரினத்துக்குப் பெயரிடுபவர், அவ்வாண்டிற் பல கட்டுரைகள் வெளியிட்ட வேறு துறையினரோடு ஒரே பட்டியலில் நிறுத்தப்படுகிறார். 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு தனி விஞ்ஞானியை மதிப்பிடலாகாது என்று கோரியது. நிறுவனங்கள் பல அதில் ஒப்பமிட்டன. கிரீன் சேர்த்த மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. ஐயம் எழும்போது அவற்றோடு ஒப்பிட்டே அறிஞர் முடிவு காண்கின்றனர். அவ்வொப்பீடு எந்தச் சுட்டியிலும் ஏறுவதில்லை.