ஆய்கருவிகளும் சுங்கத் தீர்வையும்

நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச் செல்லும் நம் உழவர் யாவரும் ஈரப்பதமானி என்னும் சிறு கருவியை நன்கு அறிவர். நெல்லின் ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது வழக்கமான விதி. மழை மிகுந்த பருவங்களில் மத்திய அரசு அதனைத் தளர்த்துவதும் உண்டு. எவ்வாறாயினும், அக்கருவி காட்டும் எண்ணே களத்து நெல் அன்று விலை போகுமா, மீண்டும் காய வேண்டுமா என்பதை முடிவு செய்கின்றது. அவ்வாறே நெசவாளர்க்கு நூலின் வலிவைச் சோதிக்கும் பொறி வேண்டும். சுவாமிமலையில் படிமம் வார்ப்போர்க்கு, கலவையில் செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று காட்டும் கருவி பயன்படும்.

இத்தகைய கருவிகளுள் பல வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. சங்கம் நேரே தருவித்தாலும் வணிகர் வாயிலாக வாங்கினாலும், துறைமுகத்தில் விதிக்கப்பெற்ற தீர்வை விலையில் சேர்ந்தே வரும். அத்தீர்வை எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டின் தீர்வை விகிதங்கள் 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. உலக நாடுகள் பலவும் ஒப்புக்கொண்ட ஒருமித்த பட்டியலை ஒட்டி இவ்வட்டவணை 1986 முதல் அமைந்துள்ளது. ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் குறிக்கும். இந்த ஆறும் உலகிற்குப் பொது. எஞ்சிய இரண்டும் நம் நாடு தன் தேவைக்காகச் சேர்த்துக்கொண்டவை.

ஆய்வகக் கருவிகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்போர் பலர். அஃது உண்மையன்று. பெரும்பாலானவை 90-ஆம் அத்தியாயத்தில் உள்ளன என்பது சரியே. ஆயினும் ஆய்வகக் கண்ணாடிக் கலங்கள் 7017-இலும், சுழற்றிப் பிரிக்கும் பொறி 8421-இலும், மின் உலை 8514-இலும் அடங்கும். தராசிலும் இரண்டு வகை உண்டு. 50 மில்லிகிராம் அல்லது அதனினும் நுண்ணிய வேறுபாட்டை உணர்த்தும் தராசு 9016-ஐச் சேர்ந்தது. அத்துணை நுண்மையில்லாத தராசு 8423-க்குச் செல்லும். நெசவாளர் துணியின் இழைகளை எண்ணப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடி 9013-இலும், நூலின் வலிவைச் சோதிக்கும் பொறி 9024-இலும் இடம்பெறும்.

பெயர் ஒத்திருப்பதால் ஏமாறுதலும் கூடாது. காற்றின் ஈரத்தை அளக்கும் மானி 9025-இல் அடங்கும். நெல் போன்ற திடப்பொருளின் ஈரத்தை மின் முறையில் அளக்கும் மானியோ, பொருள்களைப் பகுத்தாயும் கருவிகளுக்குரிய 9027-இல் அடங்கும். இரண்டையும் நாம் 'ஈரமானி' என்றே அழைக்கிறோம். அட்டவணை அவற்றை வெவ்வேறாகவே காண்கின்றது. ஒளியைக் கொண்டு பொருளின் கூறுகளை ஆராயும் நிறமாலைமானி 9027-ஐச் சேர்ந்தது. அதே வேலையை எக்ஸ் கதிர்களைக் கொண்டு செய்யும் கருவிக்கு 9022-ஆம் தலைப்பு உரியது. பொன்னின் மாற்றையும் வெண்கலத்தின் கலப்பையும் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி இவ்வகையினது.

ஐயம் எழும்போது வழிகாட்டுவதற்கெனப் பொது விதிகள் ஆறு உள்ளன. தலைப்பின் சொற்களும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே முதன்மையானவை என்பது முதல் விதி. முற்றுப்பெறாத பொருளும் முழுப்பொருளின் இன்றியமையாத இயல்பைப் பெற்றிருப்பின் முழுப்பொருளாகவே கருதப்படும் என்பது இரண்டாம் விதியின் ஒரு பகுதி. சுவாமிமலைப் பட்டறையில் மண் அச்சை உடைத்தெடுத்த படிமம் இன்னும் அராவப்படவில்லை, கண் திறக்கப்படவில்லை. ஆயினும் அதனை நடராசர் என்றே காண்கிறோமல்லவா? அதனை ஒத்ததே இவ்விதி. பொதுப்படக் கூறும் தலைப்பினும் குறிப்பாகக் கூறும் தலைப்பே கொள்ளத்தக்கது என்கிறது மூன்றாம் விதி.

உதிரிப் பாகங்களுக்குத் தனிக் குறிப்பு உண்டு. தனியே வரும் மின் மோட்டார் தனக்குரிய 85-ஆம் அத்தியாயத்திற்கே செல்லும். தனக்கெனத் தலைப்பு இல்லாததும் ஒரு கருவிக்கென்றே அமைந்ததுமான பாகம் அக்கருவியோடு சேரும்.

பொருளின் பயனைக் கொண்டு தலைப்பை மாற்றலாமா என்னும் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. டயர் நூலுக்குப் பூசும் ஒருவகை ரப்பர்ப் பாலைப் பற்றி டன்லப் நிறுவனமும் சென்னையின் மதராஸ் ரப்பர் பாக்டரியும் தொடுத்த வழக்கில் 1975-இல் தீர்ப்பு வந்தது. இறக்குமதியாகும் வேளையில் பொருள் இருக்கும் நிலையையும் வணிக வழக்கில் அதற்குள்ள பெயரையும் கொண்டே தலைப்பு அமைய வேண்டும். குறிப்பான தலைப்பு இருக்கையில் எச்சத் தலைப்பில் தள்ளலாகாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே கருவி கூட்டுறவுச் சங்கத்திற்கு வருகிறது, உழவர்க்குப் பயன்படுகிறது என்று சொல்வதனால் மட்டும் தலைப்பு மாறிவிடாது. பயனை முன்னிட்டுச் சலுகை வேண்டுமாயின் அதற்கெனத் தனி அறிவிக்கை இருத்தல் வேண்டும். அதன் நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்.

தலைப்பு மாறுவதால் விளையும் வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் காண்போம். கருவியின் மதிப்பு ரூ.1,00,000 என்றும், அடிப்படைத் தீர்வை 7.5 விழுக்காடு என்றும் கொள்வோம். தீர்வை ரூ.7,500. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மிகைவரி ரூ.750. இவை சேர்ந்த ரூ.1,08,250-க்கு ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி 18 விழுக்காடாயின் ரூ.19,485. ஆக மொத்தம் ரூ.27,735. அடிப்படைத் தீர்வை இல்லாத தலைப்பில் அதே கருவி வருமாயின் ரூ.18,000 மட்டுமே. வேறுபாடு ரூ.9,735. 1996-இல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை நிறமாலைமானி முதலிய சில பகுப்பாய்வுக் கருவிகளையும் தீர்வை நீக்கத்திற்கு உட்படுத்தியது. அதில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. எனவே இவ்வேறுபாடு வெறும் கற்பனையன்று.

தவறுதலாக மிகுதியாகச் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருத்தல் பெரும் பிழை. தீர்வைக் கணிப்பை மேல்முறையீட்டிலோ வேறு சட்ட வழியிலோ மாற்றுவிக்காமல் பணத்தைத் திரும்பப் பெற இயலாது என்று 2019-இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆணையர் (மேல்முறையீடு) முன் முறையிடுவதற்கான காலம் ஆணை கிடைத்த நாளிலிருந்து 60 நாட்கள். குறைவாகச் செலுத்தினாலோ, அத்தொகையை வட்டியுடன் கேட்கும் அதிகாரம் துறைக்கு உண்டு.

ஆதலின் நம் சங்க நிர்வாகிகள் செய்யத்தக்கன இவை. கருவிக்கு ஆணை கொடுக்கும் முன்னரே, அது எதை அளக்கின்றது, எம்முறையால் அளக்கின்றது, எத்துணை நுண்மையானது என்னும் மூன்றையும் உற்பத்தியாளரிடம் எழுத்து மூலம் பெறுக. விலைப்பட்டியலில் 'ஆய்வகக் கருவி' என்று மொட்டையாக எழுதாமல் அதன் இயல்பான பெயரையே எழுதச் சொல்லுக. சலுகை அறிவிக்கை இன்றும் நடைமுறையில் உள்ளதா என்று பார்க்குக. ஐயம் தீராவிடின், சரக்கு வருமுன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்துத் தெளிவு பெறலாம்.

சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கருவி வாங்குமுன் அதன் இயல்பைச் சரிவர எழுதுவதற்கு ஒரு தாளும் சிறிது பொறுமையும் போதும். அச்சிறு முயற்சியால் மிஞ்சும் தொகை, மற்றொரு கருவிக்கு முதலாகும்.