பொதுக் கோப்புக் கணினியும் இரு பூட்டுகளும்

ஓர் அலுவலகத்தில் கணினிகள் பலவாக இருப்பின், ஒரே பதிவேட்டின் படிகளும் பலவாகிவிடுகின்றன. அவற்றுள் திருத்தப்பட்டது எது, பழையது எது என்று அறிவது அரிதாகிறது. கோப்புகளை ஒரு பொதுக் கணினியில் வைத்து, ஏனையோர் வலையமைப்பின் வழியே அவற்றைப் பயன்படுத்துமாறு செய்வதே இதற்குரிய பரிகாரமாகும். அக்கணினிக்குக் கோப்பு வழங்கி என்று பெயர்.

லினக்ஸ் கணினியில் இப்பணியைச் செய்யும் மென்பொருள்களுள் ஒன்று சாம்பா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992ஆம் ஆண்டு இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் எஸ்.எம்.பி. நெறிமுறையைச் சாம்பா பின்பற்றுவதால், லினக்ஸிலுள்ள கோப்புறையை விண்டோஸ் கணினியிலிருந்தும் திறக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

சாம்பாவின் அமைப்புக் கோப்பில் கோப்புறையின் இருப்பிடத்தையும், அதைப் பயன்படுத்தத்தக்கவர்களையும் குறித்தல் வேண்டும். லினக்ஸின் கடவுச்சொல் சாம்பாவுக்குத் தானாகப் பொருந்தாது; ஒவ்வொருவருக்கும் சாம்பாவில் தனியே கடவுச்சொல் பதிதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னரும் கோப்பில் எழுத இயலாமற் போவதுண்டு. காரணம் யாது? கோப்புறைக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன: ஒன்று சாம்பாவின் அனுமதி, மற்றொன்று லினக்ஸின் அனுமதி. இரண்டும் இசைந்தாலன்றி வழி திறவாது.

இதனை உணராதார், கோப்புறைக்கு 777 என்னும் அனுமதியை அளித்துவிடுகின்றனர். இதனால் லினக்ஸின் பூட்டு எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. பிறகு சாம்பாவின் அமைப்பில் சிறு பிழை நேர்ந்தாலும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலை எவரும் அழித்துவிடலாம். ஆசிரியர்களை ஒரு குழுவாக்கி, கோப்புறையை அக்குழுவுக்கு உரியதாக்கி, 2770 என்னும் அனுமதி அளிப்பதே முறை. முதலிலுள்ள 2, உள்ளே தோன்றும் புதிய கோப்புகளையும் அக்குழுவுக்கே உரியனவாக்கும். சாம்பாவின் ‘கிரியேட் மாஸ்க்’ அளவை 0660 என்றும், ‘டைரக்டரி மாஸ்க்’ அளவை 2770 என்றும் வைத்தால், ஒருவர் படைத்த கோப்பை மற்றவரும் திருத்தலாம்.

2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல், விண்டோஸ் கணினிகளின் பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தியது. ஆதலின் அப்பதிப்பை முடக்கியே வைத்தல் வேண்டும். 445ஆம் எண்ணுள்ள இணைப்பு வாயிலை இணையத்துக்குத் திறத்தலும் கூடாது.

வழங்கியில் அழிந்த கோப்பு அனைவருக்கும் அழிந்ததேயாகும். எனவே வேறொரு வட்டில் காப்புப்படி எடுத்துவருதல் இன்றியமையாதது. பணி முடிந்ததும், அனுமதி இல்லாத ஒருவர் பெயரில் நுழைய முயன்று பார்த்தல் நலம். உரியவருக்குத் திறந்து, பிறருக்குத் திறவாதிருப்பின் பூட்டுகள் இரண்டும் செம்மையாக அமைந்தன எனக் கொள்ளலாம்.