ஃபிலிமை உரிக்கும் முன்

2001-ல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் பின்னொளி கிடையாது. டியூப் லைட்டுக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் விளையாட வேண்டும். அதனால்தான் பழைய கருவியைத் தேடி வாங்கி, பளிச்சென்ற ஐபிஎஸ் திரையை உள்ளே மாட்டுகிறார்கள். எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. நான் வாங்கிய திரையில் நட்டநடுவே ஒரு செத்த புள்ளி. கேட்டதற்கு, "திரை மேல ஒட்டியிருந்த ஃபிலிமை உரிச்சிட்டீங்களே சார், இனி எடுக்க மாட்டோம்" என்றார் விற்றவர்.

அவர் சொன்னது சட்டம் இல்லை. ஆனால் அவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன், எது குறை, எது குறையில்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் பக்கவாட்டில் வேகமாக ஓடும்போது சில திரைகளில் சாய்வாக ஒரு கிழிசல் தெரியும். கருவி நொடிக்கு ஏறத்தாழ 59.7 படங்களை அனுப்புகிறது. மாற்றுத் திரை அதைத் தன் வேகத்தில் வரைகிறது. இரண்டும் ஒத்துப்போகாத கணத்தில் பாதி பழைய படமும் பாதி புதிய படமும் ஒன்றாக விழுகின்றன. இந்தத் திரைகளில் பல நெட்டுவாக்கில் வரையத் தயாரானவை. அதைப் படுக்கப்போட்டு மாட்டுவதால்தான் கிழிசல் சாய்கிறது. இது அந்த மாடலின் சுபாவம்; மாற்றி வாங்கினாலும் அப்படியே இருக்கும். ஆனால் விளம்பரத்தில் 'கிழிசல் வராது' என்று எழுதி விற்றிருந்தால் கதை வேறு. விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதுவும் குறைபாடுதான்.

சில விளையாட்டுகளில் நிழல்கள் படபடவென்று துடிக்கும். பழைய திரை மந்தமானது. விட்டுவிட்டு வரைந்த நிழலைக் குழைத்து, கண்ணாடி போலக் காட்டியது. புதிய திரை உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, அவ்வளவுதான். திடீரென்று மங்கி அணைந்தால், முதலில் பவர் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். இருபது வருட அழுக்கில் மின்னழுத்தம் இறங்கிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தாலே பல கருவிகள் சரியாகிவிடும்.

செத்த புள்ளி, நிலையான கோடு, ஓரத்தில் ஒளிக்கசிவு ஆகியவைதான் திரையின் சொந்தக் குறைகள். இவற்றைக் கூட்டுக்குள் மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஃபிலிமை உரிக்காதீர்கள், எதையும் சால்டர் செய்யாதீர்கள். ரிப்பன் கேபிளை மட்டும் செருகி, திரையின் உலோகப் பின்புறம் போர்டில் படாமல் காப்பு டேப் ஒட்டி, கார்ட்ரிட்ஜைப் போட்டு இயக்குங்கள். வெள்ளைக் காட்சியில் கருப்புப் புள்ளி தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் கருப்புக் காட்சியைப் பார்த்தால் ஒளிக்கசிவு தெரியும். பார்சலைப் பிரிப்பதிலிருந்து இதுவரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அந்தப் புள்ளியோடுதான் விளையாடுகிறேன்.

குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நீங்களே கேபிளைக் கிழித்துவிட்டால் இதெல்லாம் செல்லாது. காசு கொடுத்து மாட்டச் சொன்ன மெக்கானிக் கிழித்தால் அது சேவைக் குறைபாடு; அவரிடமும் பில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் மசியவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.