கை வியர்வையும் நேர்மின்னோட்டமும்



எவர்சில்வர் பாத்திர வியாபாரத்தில் என் காலம் கழிந்தது. துடைத்து வைத்த குடத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துக் காட்டினால் என் ஐந்து விரலும் ஈரமாக அதில் பதிந்திருக்கும். பில் எழுதினால் கார்பன் தாள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வரும். "உடம்பு வாகு" என்று சொல்லியே அறுபது வயதைத் தாண்டிவிட்டேன். ஆனால் அதே கை என் பேத்திக்கும் வந்தது. நுழைவுத் தேர்வுக்குப் படித்த பிள்ளை, ஓ.எம்.ஆர். தாள் நனைந்துவிடுமோ என்று பயந்து, கைக்கு அடியில் கைக்குட்டை வைத்து மாதிரித் தேர்வு எழுதினாள். அப்போதுதான் தோல் மருத்துவரிடம் போனோம். முதலில் அலுமினியம் குளோரைடு மருந்து கொடுத்துப் பார்த்தார். அது போதவில்லை. பிறகு, தண்ணீரில் கை வைத்து நேர்மின்னோட்டம் செலுத்தும் சிறு கருவியைச் சொன்னார். அயன்டோஃபோரெசிஸ் என்பது அதன் பெயர்.

மருத்துவத்தில் பட்டம் பெற்றவன் அல்ல நான். படித்ததையும், மருத்துவரிடம் கேட்டதையும், கையில் பட்டதையும் எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு

இந்த வகை மின்னோட்டத்துக்குக் கால்வானிக் என்று ஒரு பெயர் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த லூயிஜி கால்வானி, தவளையின் கால் துடிப்பதை ஆராய்ந்து 1791இல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து வோல்டா 1800இல் மின்கலத்தை அறிவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் லெதுக் முயல்களிடம் ஒரு சோதனை செய்தார். ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை நேர்மின்வாயில் வைத்தபோது முயல் இறந்தது. அதையே எதிர்மின்வாயில் வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. சமண வீட்டில் பிறந்த எனக்கு இதைப் படிக்கவே மனசு கனத்தது. ஆனால் அது காட்டிய உண்மை முக்கியமானது: நேர்மின்னோட்டத்தில் அளவு மட்டும் பேசாது, திசையும் பேசும். வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய கருவியை, கை வியர்வைக்கென்று, அமெரிக்க மருத்துவர் லெவிட் 1968இல் எழுதி வெளியிட்டார்.

நான் பட்ட பாடு

பேத்தி கையில் வைக்குமுன் என் கையில் வைத்துப் பார்த்தேன். மோதிரம் கழலவில்லை. பல ஆண்டுகளாக விரலோடு ஊறிப்போனது. "பதினைந்து மில்லி ஆம்பியர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று அப்படியே கையை விட்டேன். இருபது நிமிஷமும் பெரிதாக வலி தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் மோதிரத்தின் ஓரத்தில் மிளகளவு கருத்த புண். ஆற மூன்று வாரம் ஆயிற்று.

அது சூடு பட்ட புண் அல்ல என்று மருத்துவர் விளக்கினார். வீட்டுக் கம்பியில் வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை போய்த் திரும்புகிறது. நேர்மின்னோட்டமோ ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மின்வாயின் பக்கம் அமிலமும், மறு மின்வாயின் பக்கம் காரமும் சேர்ந்துகொண்டே போகும். உலோகம் தோலைத் தொட்டால் அந்த இடத்தில் மின்னோட்டம் குவிந்து, தோல் ரசாயனத்தால் வெந்துபோகும். மெதுவாக நடப்பதால் பல சமயம் உறைப்பதில்லை. சர்க்கரை நோயால் கை, கால் மரத்தவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

கருவியை அமைக்கும் முறை

மருத்துவர் சொன்ன, மருத்துவ உபயோகத்துக்கென்றே செய்த கருவியை மட்டும் வாங்குங்கள். செல்போன் சார்ஜரையோ வேறு அடாப்டரையோ வைத்து வீட்டில் செய்யவே கூடாது. உள்ளே காப்பு பழுதானால் 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்கு வரும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும். பேட்டரிக் கருவியானாலும் சார்ஜில் செருகியபடி உபயோகிக்கக் கூடாது.

இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு. தகட்டின்மேல் ஸ்பாஞ்சோ துண்டோ கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளங்கை மூழ்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்னோட்டம் ஏறாது. மும்பையின் ஏரித் தண்ணீர் மென்மையானது, தில்லியின் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்தது. ஆகவே ஊர் மாறினால் திருகின் பழைய எண்ணை நம்பாதீர்கள். மில்லி ஆம்பியர் காட்டும் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

நடத்தும் முறை

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீறல், நகக்கண் வெடிப்பு இருந்தால் வாசலின் தடவி மூடுங்கள். திருகு பூஜ்யத்தில் இருக்கும்போதே இரு கையையும் வைக்க வேண்டும். அதன்பின் பக்கத்தில் இருப்பவர் மெல்ல மெல்ல ஏற்றட்டும். அவர் கை தண்ணீரில் படக் கூடாது. இலேசான குறுகுறுப்பு சரி. சுரீரென்று எரிந்தால் இறக்க வேண்டும். உள்ளங்கைக்குப் பொதுவாக 15 முதல் 20 மில்லி ஆம்பியர், 20 முதல் 30 நிமிஷம். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் கதவு தட்டினாலும், போன் அடித்தாலும் கையை எடுக்காதீர்கள். திடீரென்று எடுத்தால் ஷாக் அடிக்கும். முதலில் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். பாதி நேரம் ஆனதும் இதேபோல் இறக்கி, திசையை மாற்றி, மறுபடி கீழிருந்து ஏற்றுங்கள். நேர்மின்வாய்ப் பக்கத்துக் கையில்தான் பலன் கூடுதல். மாற்றாவிட்டால் ஒரு கை காயும், மறு கை ஈரமாகவே நிற்கும்.

தொடக்கத்தில் வாரம் மூன்று, நான்கு முறை செய்ய வேண்டும். கை காய்ந்தபின் வாரத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவாகப் போதும். அடியோடு விட்டால் வியர்வை திரும்பும்.

யாருக்குக் கூடாது?

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள், மின்சாரம் போகும் பாதையில் உலோகத் தகடு, கம்பி பொருத்தியவர்கள் இதைத் தொட வேண்டாம். இன்னொன்று: சிறு வயதிலிருந்து கையும் காலும் மட்டும் வியர்ப்பது வேறு, நடு வயதில் புதிதாக உடம்பு முழுக்க வியர்த்து எடையும் குறைவது வேறு. பின்னதற்குத் தைராய்டு முதலான காரணங்கள் இருக்கலாம். கருவி வாங்கப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

என் பேத்திக்கு ஒன்பதாவது தடவைக்குப் பிறகு கை காய்ந்தது. தேர்வு எழுதிவிட்டு வந்தவள், "தாத்தா, கைக்குட்டையை எடுக்கவே இல்லை" என்றாள். மோதிரத்தை நான் கத்தரித்தே எடுத்துவிட்டேன். பிற உயிரை வருத்தக் கூடாது என்பது எங்கள் நெறி. நம் உடம்பும் ஓர் உயிர் தங்கும் வீடுதான். அவசரத்தில் அதை வருத்த வேண்டாம்.