கவிழ்த்துப் பார்த்தால் தெரியுமா வயது?

அம்மா வீட்டில் கிடந்த ஜாடி. நீல டிராகன்கள் நெளியும் சீனப் பீங்கான். 20-ம் நூற்றாண்டுச் சரக்கு, 2,000 யூரோ தேறும் என்று மதிப்பிட்டார் நிபுணர். 2022 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோன்டேன்புளோ ஏலத்தில் அது 77 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. 18-ம் நூற்றாண்டு ஜாடி என்று நம்பினார்கள் ஏலம் கேட்டவர்கள். நிபுணருக்கு வேலை போயிற்று.

யார் கணிப்பு சரி? அடியில் உள்ள அரச முத்திரை சாட்சியாகாது. முந்தைய மன்னர்களின் முத்திரையைச் சீனக் குயவர்களே நகலெடுத்தார்கள். நிறமும் ஏமாற்றும்: 15-ம் நூற்றாண்டு நீலத்தில் தானாகத் திரண்ட கரும்புள்ளிகளை 18-ம் நூற்றாண்டினர் தூரிகையால் வைத்தார்கள். மெருகு பூசாத அடிவிளிம்பு ஓரளவு உண்மை பேசும். காலத்தின் தேய்மானம் ஒழுங்கற்று இருக்கும். உப்புத்தாளின் தேய்ப்பு ஒரே சீர்.

ஏலச் சுத்தியல் தீர்த்தது விலையை மட்டுமே. வயதை அறிய ஜாடியைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்.